சென்னை போகாமல் கிரிக்கெட் ஆட முடியுமா? - சின்னப்பம்பட்டி மைதானத்தின் கதை

கிரிக்கெட் வீரர் டி.நடராஜனின் கையில் ‘ஜே.பி.’ என்று இரண்டு எழுத்துகள் பச்சை குத்தப்பட்டிருக்கின்றன. ஆடும்போது சட்டையின் முதுகிலும் ‘ஜே.பி. நட்டு’ என்று போட்டுக்கொண்டவர் அவர். பார்க்கிறவர்கள் அது அவருடைய இனிஷியல் என்றுதான் நினைப்பார்கள். ஆனால், அப்பா பெயருக்கும் அந்த எழுத்துகளுக்கும் சம்பந்தம் இல்லை. அது ஜெயபிரகாஷ் என்பவரின் பெயர். உறவுக்காரர் இல்லை, அரசு நியமித்த பயிற்சியாளர் இல்லை, ஸ்பான்சரும் இல்லை. ஊர் டீமில் நடராஜனுக்கு முன்னால் ஆடிய அண்ணன். அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ இல்லையென்றால், இந்திய டெஸ்ட் அணியின் 300-வது வீரர் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்திருக்க மாட்டார்.

நடராஜனின் கதையை ஏழைப் பையன் ஜெயித்த கதையாகப் பலரும் பலமுறை சொல்லியாயிற்று. சினிமாவுக்கு ஏற்ற கதைதான். ஆனால் அதற்குள் இன்னொரு கதை இருக்கிறது. அது ஒரு ஊர் அணியின் கதை. புல் இல்லாத, சுற்றுச்சுவர் இல்லாத, யாருடையது என்றே தெரியாத ஒரு திடலில் தொடங்கி, அந்த ஊரிலேயே ஒரு முறையான மைதானத்தில் வந்து நிற்கிற கதை.

தறிச் சத்தத்துக்கு நடுவில்

சேலத்திலிருந்து தாரமங்கலம் வழியாக மேற்கே போனால், சுமார் 35 கிலோமீட்டரில் சின்னப்பம்பட்டி. இந்தப் பக்கமே தறிப் பூமி. தாரமங்கலம், ஜலகண்டாபுரம், எடப்பாடி என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் விசைத்தறியின் தடதட சத்தம் காதை விட்டுப் போகாது. கொஞ்சம் தெற்கே சங்ககிரி, லாரிகளின் ஊர். அதையும் தாண்டினால் ரிக் வண்டிகளின் திருச்செங்கோடு. அதற்கும் அந்தப் பக்கம் முட்டைக்குப் பேர்போன நாமக்கல். ஊருக்கொரு தொழில், ஊருக்கொரு அடையாளம். உழைப்புக்குப் பஞ்சமில்லாத சீமை. விளையாட்டுக்கு என்று ஒதுக்கிய இடம்தான் குறைவு.

நடராஜன் பிறந்தது 1991-ல். அப்பாவுக்கு விசைத்தறிக் கூடத்தில் தினக்கூலி. அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டிருந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். மூத்த பையன் என்றால் இந்தப் பக்கத்தில் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் தறியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் லாரியில் கிளீனராக ஏற வேண்டும். வாரக்கடைசியில் கூலி வாங்கி வந்து வீட்டில் கொடுக்க வேண்டும். பந்து பொறுக்கிக்கொண்டு திரிகிற பையனை எந்த வீட்டில் எத்தனை நாள் சும்மா விடுவார்கள்?

சனி, ஞாயிறு வந்தால் மட்டும் விட்டார்கள். அந்த இரண்டு நாளில்தான் இந்தப் பக்கத்து கிராமங்களில் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுகள் நடக்கும்.

டென்னிஸ் பந்து கற்றுக்கொடுத்த வித்தை

டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடாத தமிழ்நாட்டு கிராமம் இல்லை. நிலக்கடலை பிடுங்கிய காடு, அறுவடை முடிந்த வயல், தண்ணீர் வற்றிய ஏரி எல்லாமே மைதானம்தான். சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேட்டூர் அணையின் உபரி நீரைச் சரபங்கா வடிநிலத்தில் இருக்கும் 100 ஏரிகளில் நிரப்பும் திட்டத்தின் முதல் கட்டம் 2021 பிப்ரவரியில் தொடங்கியது. ஏரியில் தண்ணீர் வந்தால் விவசாயிக்குக் கொண்டாட்டம். அந்த ஏரிக்குள் ஸ்டம்ப் நட்டு ஆடிய பையன்கள்தான் வேறு திடல் தேட வேண்டும்.

இந்த ஆட்டங்களுக்கு ஓவர் குறைவு. ஆறு, எட்டு, மிஞ்சிப்போனால் பத்து. ஊருக்கு ஒரு அணி. என்ட்ரி ஃபீஸ் கட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் பெரிய போட்டிகள் நடக்கும். முதல் பரிசு ரொக்கமும் சுழற்கோப்பையும். சில இடங்களில் ஆட்டுக்கிடா, சேவல்கூட உண்டு. மைக் செட்டில் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் வர்ணனை நடக்கும். ஒருவன் சிக்ஸ் அடித்தால் அது அவனுடைய சிக்ஸ் மட்டும் இல்லை, அவன் ஊருடைய சிக்ஸ். நன்றாக வீசுகிற பையனைப் பக்கத்து ஊர் அணி ‘கெஸ்ட் பிளேயர்’ என்று அழைத்துப் போவதும் உண்டு. பஸ் காசு, சாப்பாடு, ஜெயித்தால் கையில் கொஞ்சம் பணம் கிடைக்கும்.

இந்த ஆட்டத்தில் பௌலரின் பாடு பெரும்பாடு. கிரிக்கெட் பந்துக்குத் தையல் உண்டு. அது காற்றில் வளையும், தரையில் பட்டு விலகும், பழசானால் வேறு விதமாக வளையும். டென்னிஸ் பந்தில் அந்த உதவி எதுவும் இல்லை. லேசான பந்து. தரையில் குத்தினால் துள்ளி மேலே வரும். மேலே வந்த பந்தைச் சுற்றி அடிப்பது சுலபம். எல்லைக்கோடும் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். ஷார்ட்டாகப் போட்டால் சிக்ஸ், லெங்த்தில் போட்டாலும் சிக்ஸ். தப்பிக்க ஒரே வழி, பந்து துள்ளுவதற்கே இடம் கொடுக்காமல் நேராக பேட்ஸ்மேனின் காலடியில் இறக்குவது. அதுதான் யார்க்கர்.

சொல்வது எளிது. யார்க்கர் அரை அடி முன்னால் விழுந்தால் அடிக்க வசதியான பந்தாகிவிடும். அரை அடி தாண்டிப் போனால் ஃபுல் டாஸ். அந்த ஒரு சாண் இடத்தில், ஓடி வந்து, வேகமாக, ஓவருக்கு ஆறு முறை இறக்க வேண்டும். பெரிய அகாடமிகளில் பயிற்சியாளர்கள் பேட்ஸ்மேன் நிற்கும் இடத்தில் ஷூவையோ கோனையோ வைத்து, அதைக் குறிபார்த்து வீசச் சொல்வார்கள். இங்கே ஷூவுக்கு எங்கே போவது? தப்பாகப் போட்டால் பந்து பக்கத்துக் காட்டுக்குள் போய் விழும், ஊர் தோற்கும், மைக்கில் பெயரைச் சொல்வார்கள். அதைவிடக் கடுமையான பயிற்சி எந்த அகாடமியிலும் கிடையாது.

இப்படி வளர்ந்த இடதுகைப் பந்துவீச்சாளர் நடராஜன், முறையான கிரிக்கெட் பந்தைக் கையில் எடுத்து வீசியபோது அவருக்கு வயது 20 ஆகியிருந்தது. நகரத்துப் பிள்ளைகள் அந்த வயதில் ஜூனியர் அணிகளில் எல்லாம் ஆடி முடித்திருப்பார்கள்.

பஸ் ஏற்றிவிட்ட அண்ணன்

ஜெயபிரகாஷ் சென்னையில் நான்காவது டிவிஷன் லீக் வரை போய் ஆடியவர். அதற்கு மேல் அவர் போகவில்லை. ஆனால் அந்த வழி எங்கே தொடங்குகிறது, எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம் அது.

தமிழ்நாட்டில் கிரிக்கெட் வீரராக வேண்டுமென்றால் டி.என்.சி.ஏ லீக்கில் ஆட வேண்டும். மாவட்டங்களுக்கு இடையே போட்டிகள் உண்டு. மாவட்டச் சங்கங்களும் லீக் நடத்துகின்றன. ஆனால் மாநிலத் தேர்வாளர்களின் கண் அதிகம் படுகிற இடம் சென்னை லீக். கீழ் டிவிஷனில் சேர்ந்து, விக்கெட் எடுத்து, மேல் டிவிஷன் அணியின் கண்ணில் பட்டு, முதல் டிவிஷன் வரை ஏற வேண்டும். அந்த அணிகளில் பல, நிறுவனங்கள் நடத்துகிறவை. ஆக, 340 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நகரத்தில் தங்க இடமும், சாப்பாட்டுக்கு வழியும், ஷூவும் வேண்டும். தினக்கூலிக் குடும்பத்தில் மூத்த பையன் சம்பாதிக்காமல் சில வருடங்கள் சென்னையில் இருப்பதற்கு வீட்டில் சம்மதமும் வேண்டும். திறமையைவிட இவையெல்லாம்தான் பெரிய தடை. மாவட்டப் பையன்களில் பெரும்பாலோர் திறமை போதாமல் நின்றுவிடுவதில்லை, பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிடுகிறார்கள்.

நடராஜனை அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் ஜெயபிரகாஷ். நான்காவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல் அணி. அங்கிருந்து விஜய் கிரிக்கெட் கிளப். பிறகு ஜாலி ரோவர்ஸ், சென்னையின் பெரிய அணிகளில் ஒன்று. 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் வங்காள அணிக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக இறங்கினார். கிரிக்கெட் பந்தைத் தொட்டு நான்கைந்து வருடங்களில் மாநில அணி!

முதல் ஆட்டத்தோடு பிரச்னையும் வந்தது. அவருடைய பந்துவீச்சு முறையில் சந்தேகம் இருப்பதாக நடுவர்கள் புகார் கொடுத்தார்கள். பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. மீறினால் அது பந்துவீச்சு இல்லை, எறிதல். பெரிய பயிற்சியாளர்களிடம் சிறுவயதில் கற்றவர்களுக்கு இந்தக் கோளாறு பத்து வயதிலேயே தெரிந்திருக்கும், திருத்தியிருப்பார்கள். கடலைக்காட்டில் முழங்கையை யார் அளந்தார்கள்? விக்கெட் விழுந்ததா என்றுதான் பார்த்தார்கள்.

ஒரு பந்துவீச்சாளருக்கு இது சாதாரணத் தண்டனை இல்லை. இருபது வருடமாகக் கை பழகிய அசைவை மறந்து, புதிதாக ஒன்றைப் பழக வேண்டும். பழையது போய்விடும், புதியது வருமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பலர் இதோடு காணாமல் போயிருக்கிறார்கள். நடராஜனுக்கு ஒரு வருடத்துக்கு மேல் இதிலேயே போனது. முன்னாள் வீரர் சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்டோர் கூட இருந்து கையைத் திருத்தினார்கள். அந்தச் சமயத்தில் அவர் ஊர் திரும்பித் தறிக்கே போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதன்முதலாக நடந்தது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஆடிய நடராஜன், சூப்பர் ஓவரில் அபினவ் முகுந்துக்கு எதிராக அடுத்தடுத்து யார்க்கர்களாகவே இறக்கினார். ஊர் திடலில் போட்ட அதே பந்து. இந்த முறை டி.வி. கேமரா இருந்தது. அடுத்த வருடம் ஐ.பி.எல் ஏலத்தில் 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் இருந்தவரை, கிங்ஸ் லெவன் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது.

3 கோடியும் ஒரு திடலும்

பணம் வந்ததும் வீடு கட்டினார், தங்கைகளைப் படிக்கவைத்தார். இது எல்லோரும் செய்வதுதான். அதே 2017-ல் ஜெயபிரகாஷோடு சேர்ந்து சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் அகாடமியையும் ஆரம்பித்தார். இந்தக் கதையில் முக்கியமான இடம் எது என்று கேட்டால், பிரிஸ்பேனைவிட இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால், அப்போது நடராஜன் ஒன்றும் பெரிய நட்சத்திரம் இல்லை. அந்த ஐ.பி.எல் சீஸனில் ஆறு ஆட்டங்களில் இரண்டே விக்கெட்தான். அடுத்த ஏலத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு சீஸன்களிலும் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. தன் எதிர்காலமே தெரியாத நிலையில்தான், ஊர்ப் பையன்களுக்குக் காசு வாங்காமல் பந்தும் வலையும் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை தொடங்கியிருக்கிறது.

அது வீணாகவில்லை என்பதை முதலில் காட்டியவர் ஜி.பெரியசாமி. இவரும் சின்னப்பம்பட்டிக்காரர்தான். சிறுவயதில் வந்த நோயால் ஒரு கண்ணில் பார்வை பாதிக்கப்பட்டவர். இலங்கையின் லசித் மலிங்காவைப் போலக் கையைப் பக்கவாட்டில் சுழற்றி வீசுவார். அதனால் ‘சேலம் மலிங்கா’ என்றே பெயர் வந்தது. 2019 டி.என்.பி.எல்-லில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்காக 21 விக்கெட். இறுதி ஆட்டத்தில் 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்துக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். தொடர் நாயகனும் அவரே. அன்று எதிரணி எது தெரியுமா? நடராஜன் பெயர் வாங்கிய அதே திண்டுக்கல் டிராகன்ஸ்.

ஒரு ஊரிலிருந்து ஒருவர் வந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். இரண்டாவது ஆள் வந்தபிறகு அப்படிச் சொல்ல முடியாது.

பிரிஸ்பேன்… சாரட் வண்டி… பழநி மொட்டை

2020 ஐ.பி.எல் எல்லோருக்கும் நினைவிருக்கும். கொரோனாவால் ஐக்கிய அரபு அமீரகத்தில், ஆளில்லாத ஸ்டேடியங்களில் நடந்தது. நடராஜன் 16 ஆட்டங்களில் 16 விக்கெட் எடுத்தார். வெளியேற்றும் சுற்றில் ஏ.பி.டிவில்லியர்ஸின் ஸ்டம்ப்பை யார்க்கரால் பெயர்த்த அந்தப் பந்தை இன்றும் மொபைலில் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தத் தொடரின்போதுதான் ஊரில் அவருக்கு மகள் பிறந்தாள். குழந்தையைப் பார்க்க அவர் வரவில்லை. அங்கிருந்தே வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா கிளம்பிவிட்டார்.

வலைக்குப் போடப் போனவர், காயங்களால் காலியான இடங்களில் ஒவ்வொன்றாக உள்ளே வந்தார். டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒருநாள் போட்டி. டிசம்பர் 4-ல் டி20, அதில் 3 விக்கெட். ஹர்திக் பாண்டியா தனக்குக் கிடைத்த தொடர் நாயகன் விருதை நடராஜன் கையில் கொடுத்து அழகு பார்த்தார். 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேன் டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயர் கிடைத்தது. அந்த டெஸ்டை இந்தியா ஜெயித்து, தொடரையும் ஜெயித்தது.

ஊர் திரும்பிய நாளில் சின்னப்பம்பட்டியே சாலையில் நின்றது. குதிரை பூட்டிய சாரட் வண்டியில், மேளதாளத்தோடு அழைத்துப் போனார்கள். அந்த வீடியோவை சேவாக் பகிர, நாடே பார்த்தது. சில நாள்களில் நடராஜன் பழநிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். கொங்குச் சீமைக்காரர் வேறு என்ன செய்வார்!

அயர்லாந்தில் ஒரு கிராமத்து மைதானம்

கிராமத்து அணிதான் விளையாட்டின் வேர் என்று ஒரு நாடே நம்பி நடத்தினால் எப்படி இருக்கும்? அயர்லாந்தில் அப்படித்தான் நடக்கிறது. அங்கே ‘கேலிக் கால்பந்து’ என்று ஒரு ஆட்டம் உண்டு. அணிக்கு 15 பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். 1884-ல் தர்லஸ் என்ற சிறுநகரத்தில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம்தான் இதை நடத்துகிறது. நம்மூர்க் கிறிஸ்தவர்கள் ‘பங்கு’ என்று சொல்கிறார்களே, ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்கள்… பெரும்பாலும் அந்தப் பங்குக்கு ஒரு கிளப் என்பதுதான் கணக்கு. பிறந்து வளர்ந்த ஊருக்கே ஆட வேண்டும். ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் 80,000 பேர் முன்னால் இறுதி ஆட்டம் ஆடிய வீரர், திங்கள்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போவார், இல்லையென்றால் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போவார்.

வட அயர்லாந்தின் எல்லையோரத்தில் கிராஸ்மக்லென் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர் கிளப்பின் மைதானத்தை ஒட்டி, 1970-களில் பிரிட்டிஷ் ராணுவம் முகாம் போட்டு, மைதானத்தின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது. ஹெலிகாப்டர்கள் வந்து இறங்க, பக்கத்திலேயே பிள்ளைகள் பயிற்சி எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் மைதானத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1998-ம் வருட அமைதி உடன்பாட்டுக்குப் பிறகுதான் நிலம் திரும்பக் கிடைத்தது. அதற்கு முன்பே, 1997-ல், அயர்லாந்து முழுமைக்குமான கிளப் சாம்பியன் பட்டத்தை அந்தச் சிற்றூர் வாங்கியிருந்தது. பிறகு இன்னும் ஐந்து முறை வாங்கியது.

அங்கே பெரிய ஆட்டக்காரராக ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. போனால்தான் சிக்கல். இங்கே நேர்மாறு. ஊரை விட்டுப் போனால்தான் கணக்கிலேயே வருவார்கள். பொங்கல் டோர்னமென்ட்டில் ஊரே பெயர் சொல்லிக் கத்தினாலும், அந்த விக்கெட்டுகள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

ஊரிலேயே நான்கு பிட்ச்

சேலம் மாவட்டத்தில் பெரிய மைதானம் இல்லாமல் இல்லை. வாழப்பாடிப் பக்கம் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் அமைத்த மைதானத்தை 2020 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார். ராகுல் டிராவிட் வந்திருந்தார். டி.என்.பி.எல் ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. ‘சேலம் ஸ்பார்டன்ஸ்’ என்று மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு அணியும் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் வாழப்பாடி, சேலத்துக்குக் கிழக்கே இருக்கிறது. சின்னப்பம்பட்டிப் பையனுக்கு அது மாவட்டத்தின் மறுமுனை. பள்ளி விட்டு வந்து, பையை வீசிவிட்டு ஓடிப்போய் ஆடுகிற தூரம் இல்லை.

2021 டிசம்பரில் நடராஜன் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். போன டிசம்பரில் இந்தியாவுக்காக ஆட ஆரம்பித்தேன், இந்த டிசம்பரில் என் ஊரில் ஒரு மைதானம் அமைக்கிறேன் என்பதுதான் அதன் சாரம். அந்த ஒரு வருடத்தில் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இந்திய அணியில் இடமும் போயிருந்தது. ஒதுங்கி உட்கார்ந்து யோசிக்கிற நேரத்தில்தான் இந்த முடிவு.

2023 ஜூன் 23-ல் ‘நடராஜன் கிரிக்கெட் கிரவுண்ட்’ திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் தினேஷ் கார்த்திக். நடுவில் நான்கு பிட்ச், பயிற்சிக்கு இரண்டு பிட்ச், ஜிம், கேன்டீன், உட்கார்ந்து பார்க்க ஒரு சின்ன கேலரி. சென்னைக்காரர்களுக்கு இது ஒரு பெரிய கல்லூரி மைதானம் போலத் தெரியலாம். தறி ஊருக்கு இது வேறு.

புல்தரை பிட்ச் என்பது ஒருமுறை போட்டுவிட்டால் முடிகிற வேலை இல்லை. களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். புல் பிடிக்க வேண்டும். தண்ணீர் விட்டு, ரோலர் உருட்டி, காயவிட்டு, ஆட்டம் முடிந்ததும் மறுபடி பராமரிக்க வேண்டும். தண்ணீரை எண்ணிச் செலவழிக்கிற பூமியில், ஏப்ரல், மே வெயிலில் ஒரு மைதானத்தைப் பச்சையாக வைத்திருப்பது குழந்தை வளர்ப்பது மாதிரி. காட்டுக்கு விட வேண்டிய தண்ணீரைப் புல்லுக்கு விடுவதா என்று கேட்கிற ஆள்களும் கிராமத்தில் இருக்கத்தான் செய்வார்கள். நியாயமான கேள்விதான். வருடா வருடம் யார் செலவு செய்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அயர்லாந்துக் கிராமங்களில் உறுப்பினர் சந்தாவும் ஊர் நிதி திரட்டலும் மைதானத்தைக் காப்பாற்றுகின்றன. இங்கே முதல் போட்டவர் ஒரு வீரர், மைதானத்துக்கும் அவர் பெயர்தான். பந்து வீசுகிறவரின் சம்பாத்தியக் காலம் குறுகியது. முழங்காலோ தோளோ ஒருநாள் ‘போதும்’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

நடராஜனின் ஏற்ற இறக்கத்தையே பாருங்கள். 2022 ஏலத்தில் 4 கோடி. 2024 சீஸனில் 19 விக்கெட். அதைப் பார்த்து 2025-க்கு டெல்லி கேப்பிடல்ஸ் 10.75 கோடி கொடுத்து எடுத்தது. ஆனால் அந்த சீஸனில் அவருக்குப் பெரிதாக ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒரு மனிதரின் முழங்காலை நம்பி ஒரு ஊரின் மைதானம் எத்தனை நாள் நிற்கும் என்ற கவலை இந்த ஊர்க்காரர்களுக்கு வந்தால் அதில் தப்பில்லை. மைதானத்தை ஊர் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுமா, கோயில் திருவிழாவுக்கு வரி போடுவது போல ரோலருக்கும் தண்ணீருக்கும் வரி போடுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

ஒன்று மட்டும் ஏற்கெனவே மாறிவிட்டது. நடராஜனுக்கு 20 வயதில் கையில் கிடைத்த தையல் போட்ட பந்து, இங்கே பயிற்சிக்கு வரும் பையனுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே கிடைக்கிறது. முழங்கை கோணலாகப் போனால் சொல்வதற்கு ஆள் இருக்கிறது, ரஞ்சி ஆட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து ‘இவளும் போடுவாளா?’ என்று ஒரு அப்பா கேட்கவும் ஒரு வாசல் இருக்கிறது. கடலைக்காட்டு டோர்னமென்ட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சென்னைக்குப் போவதென்றாலும், முதல் பந்தை அங்கே போய்த்தான் வீச வேண்டும் என்ற நிலைமை இல்லை. தன்னால் முடியுமா, முடியாதா என்று ஊரிலேயே தெரிந்துகொண்டு, வீட்டிலும் சொல்லிவிட்டுப் போகலாம். முடியாது என்று தெரிந்தால் அதற்காக இரண்டு வருடக் கூலியை இழக்க வேண்டியதில்லை.

யார்க்கர் மட்டும் மாறவில்லை. டோர்னமென்ட்டுகளும் நிற்கவில்லை. பொங்கல் வந்தால் மைக் செட் கட்டி, ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சென்னை முதல் டிவிஷனுக்கு மட்டும் இன்னும் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.